அடைப்புக்குறிக்குள் ஒரு சிரிப்பு

நம் பழைய அப்பார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் தேதி வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்பீர்கள். முதல் இந்தியக் கடை எந்த மாதம் திறந்தது, எந்தச் சனிக்கிழமை ஆலங்கட்டி மழை நம் அப்பாக்களின் கார்களுக்கெல்லாம் அம்மைத் தழும்பு வைத்துவிட்டுப் போனது, யார் முதலில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள், எல்லாம் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. படிக்கக் கண்ணாடி தேடும் வயதுக்கு நாமெல்லோரும் வந்துவிட்டோம். ஒருத்தியாவது எழுதிவைத்திருக்கிறாளே என்று உங்களுக்கு நிம்மதி.

போன வாரம் குழுவில் ஒரு மனு வந்தது. பள்ளியில் உயிர்களின் தோற்றம் பற்றிப் பாடம் நடத்தும்போது பரிணாமம், படைப்பு என்று இரண்டு தரப்பையும் சொல்லவேண்டும் என்று கேட்கும் மனு. "ரெண்டு பக்கமும் கேக்கட்டுமே, இதுல என்ன இருக்கு" என்று ஒருவர் எழுத, மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கினீர்கள். அன்று மாலையே ஒருவர் என்னைத் தனியாகக் கேட்டார்: "பசங்க நோட்ல டீச்சர் என்னிக்கு என்ன சொன்னாங்கன்னு டேட் வாரியா எடுத்துத் தர முடியுமா? நீதான் அதுல எக்ஸ்பர்ட்."

அவருக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்துவிட்டேன். இதில் ஆண்டு இருக்காது. ஊர்ப் பெயரும் இருக்காது. டெக்சாஸில், இர்விங்கிலிருந்து காரில் அரை மணி நேரம், அவ்வளவுதான். இரண்டையும் சொன்னால் ஒரு மனுஷியை நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். அவரை ஒருமுறை கண்டுபிடிக்க உதவியது போதும்.

நான் ஏழாம் வகுப்பு. விஷயம் பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்தில் முடிந்தது. முடிந்தபோது எங்கள் சயின்ஸ் டீச்சர் பள்ளியில் இல்லை. என் நோட்டும் என்னிடம் இல்லை.

அந்த நோட்டைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி சிதறிய கெட்டி அட்டை. ஆகஸ்ட் மாதத் தள்ளுபடியில் அம்மா பத்து நோட்டு வாங்குவார். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் கோபியில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. இங்கே அவருக்கு வாய்த்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. நாற்பது பேரை உட்காரவைத்துச் சொல்லவேண்டியதையெல்லாம் என் ஒருத்திக்கே சொன்னார். பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி. இடது ஓரத்தில் தேதி, கிழமை, பீரியடு. அப்புறம் டீச்சர் சொன்னது, சொன்னபடி.

"டீச்சர் வாயில வர்ற ஒரு சொல்லையும் உடாத சாமி. உனக்குப் புடிச்சத மட்டும் எழுதுனா அது பாடமில்ல, உன்ற அபிப்பிராயம்" என்பார். இன்னொரு விதியும் உண்டு. "மணி அடிச்சதுக்கப்பறம் சொல்றது ஊர்க்கதை. அத எழுத வேண்டியதில்ல."

எங்கள் வகுப்பில் மற்றவர்கள் பாடத்துக்கு மூன்று வரி எழுதுவார்கள், ஓரத்தில் ஒரு குதிரை வரைவார்கள். நான் நான்கு பக்கம் எழுதுவேன். அந்த வகுப்பில் அந்த வருடம் என்ன பேசப்பட்டது என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதை நான் என் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நோட்டில் அப்பாவின் பங்கும் உண்டு. அப்பா வாரநாட்களில் லாஸ் கொலினாஸில் கம்ப்யூட்டர் வேலை. பொங்கலும் சித்திரையும் வந்தால் தமிழ்ச் சங்கத்துப் பட்டிமன்றத்துக்கு அவர்தான் நடுவர். 'குழந்தைக்குச் சோறூட்டச் சிறந்தது கதையா, தொலைக்காட்சியா' என்பது போலத் தலைப்பு வைப்பார். யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். வீட்டில் டிவி இல்லாத மாமா டிவிக்காக உயிரைக் கொடுத்துப் பேசுவார். கடைசியில் அப்பா எழுந்து இரண்டு பக்கத்தையும் கிண்டல் செய்து, இரண்டு பக்கத்துக்கும் பாதி நியாயம் கொடுத்து, ஒரு தீர்ப்புச் சொல்வார். பிறகு எல்லோரும் ஒரே வரிசையில் காகிதத் தட்டோடு நின்று புளியோதரை வாங்குவோம்.

முதல் வரிசையில் உட்கார்ந்து கூட்டம் எங்கே சிரிக்கிறது என்று அவருடைய தாளில் பென்சிலால் குறிப்பது என் வேலை. (சிரிப்பு). (கைதட்டல்). மறுபடியும் (சிரிப்பு). "எங்க சிரிக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் கண்ணு அடுத்த தடவ அங்க நிறுத்தோணும்னு தெரியும்" என்பார். அந்தப் பழக்கம் பள்ளி நோட்டிலும் வந்துவிட்டது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். சிரித்த இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் தமிழில் அந்த ஒரு சொல்.

இனி டீச்சர். உயரமானவர், நரைத்த முடியை ஒரு பென்சிலால் கொண்டை போட்டிருப்பார். கிழக்கு டெக்சாஸின் பைன் காட்டு ஊர் ஒன்றில் போதகரின் மகள். கழுத்தில் சின்ன வெள்ளிச் சிலுவை. எல்லோரையும் 'ஹனி' என்பார். என் பெயரை மட்டும் முதல் நாளிலேயே மூன்று தரம் கேட்டு, நான்காவது தரம் சரியாகச் சொன்னார். இந்த நாட்டுக்காரர்களில் என் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்தத் தேதியும் நோட்டில் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் எங்களைப் பள்ளிக்குப் பின்னாலிருந்த ஓடைக்கு அழைத்துப்போனார். தண்ணீர் கணுக்கால் அளவு. கரை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கல். அதில் நான் ஒரு கல்லைப் புரட்டியபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருள், ஆட்டுக்கிடாயின் கொம்பு போல வரி வரியாக இருந்தது. டீச்சர் ஈரத்தில் மண்டியிட்டுப் பார்த்தார். "இது ஒரு காலத்தில் உயிரோடு நீந்தியது, ஹனி. நாம் நிற்கும் இடம் அப்போது கடல்" என்றார். எங்கள் அப்பார்ட்மென்ட், மளிகைக் கடை, அப்பாவின் ஆபீஸ் எல்லாவற்றின் மீதும் கடல் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கல்லை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா அதைக் கழுவித் துடைத்து, "அட, கல்லே சுழி போட்டு வெச்சிருக்குது பாரு" என்று மைக்ரோவேவுக்கு மேலிருந்த சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமமும் இட்டார். விலங்கியல் படித்தவர். அது என்ன பிராணி என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். இரண்டும் அவருக்கு ஒன்றையொன்று இடிக்கவில்லை.

மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய், நான்காம் பீரியடு. அடுத்தது மதிய உணவு, எல்லோருக்கும் பசி. உயிரினங்கள் இடத்துக்கு ஏற்ப மாறிவருவது பற்றிய பாடம். என் பக்கத்து மேஜைக்காரி கையைத் தூக்கினாள். அவளைப் பற்றி ஒரு வரி: என் ஒரே சிநேகிதி, அப்பாவுடைய மேனேஜரின் மகள். "பைபிள் வெள்ளத்துக்குப் பிறகு எல்லா மிருகமும் ஒரே கப்பலிலிருந்துதான் இறங்கி வந்தன என்று எங்கள் டாடி சொல்கிறார். அப்படியென்றால் கங்காரு எப்படி ஆஸ்திரேலியா போனது?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

டீச்சர் ஒரு நொடி கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பில் மதம் பேசக் கூடாது என்பது அவருக்கு விதி. "அதைக் கங்காருவிடம்தான் கேட்கவேண்டும், ஹனி" என்றார்.

உடனே என் சிநேகிதிதான் முதலில் சிரித்தாள். எழுந்து நின்று இரண்டு கையையும் நெஞ்சருகே மடித்து மூன்று குதி குதித்தாள். அதன் பிறகு வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். டீச்சர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். மணி அடித்தது. நாங்கள் பை எடுக்கும்போது அவள் தோளைத் தொட்டு, "அது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கான கேள்வி. நல்ல கேள்வி. உன் அப்பாவிடம் கேள், அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்" என்றார். மணிக்குப் பிறகு சொன்னது. அதனால் எழுதவில்லை.

நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: தேதி, கிழமை, பீரியடு; மாணவியின் கேள்வி; "அதைக் கங்காருவிடம்தான் கேட்கவேண்டும், ஹனி"; (சிரிப்பு).

அவள் வீட்டுக்குப் போய், அதே குதியோடு, அதே கதையைச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா சிரிக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிடவேண்டும். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் தன் பழைய கட்டிலையும் மெத்தையையும் டிரக்கில் ஏற்றிவந்து, தானே மாடிக்குத் தூக்கிக் கொடுத்தவர். மகளின் அறைக்கு வெளியே நின்று, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். ஆனால் அந்த மார்ச்சுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் வீட்டு முன்னால் நிறைய கார்கள் நிற்கத் தொடங்கின. எல்லோரும் உணவுப் பாத்திரத்தோடு வருவார்கள், மெல்லிய குரலில் பேசுவார்கள், எங்களைப் பார்த்தால் அன்பாகச் சிரிப்பார்கள்.

பள்ளியில் பொருட்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முதலில் சுவரில் இருந்த, மீனிலிருந்து தவளை வரை வரைந்த படம். அங்கே நான்கு பசைத் தடங்கள் மட்டும் மிச்சம். அடுத்த வாரம் ஜன்னலோரத்துப் புதைபடிவக் கல் தட்டு. அதற்கடுத்த வாரம் வகுப்பின் பின் வரிசையில் பள்ளி நிர்வாகி ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சரின் வாக்கியங்கள் குட்டையாகின. 'ஹனி' நின்றது. நான் ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதினேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் தெரியவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மாலை அப்பா உற்சாகமாக வந்தார்.

"நம்ம மேனேஜர் இன்னிக்குக் கூப்புட்டுக் கேட்டாரு. ஸ்கூல் போர்டுல பெரிய டிபேட்டாம். ரெண்டு பக்கமும் பேசோணும், பேலன்ஸ்டா ஒரு ஆளு வேணும்னாரு. பட்டிமன்றம்னா என்னன்னு அவருக்குச் சொன்னேன் பாரு, அசந்துட்டாரு!"

அம்மா தோசைக் கல்லிலிருந்து திரும்பவில்லை. "என்ன தலைப்புங்க?"

"உலகம் ஆறு நாள்ல படைச்சதா, தானா வந்ததான்னு. சயின்ஸ் கிளாஸ்ல ரெண்டையும் சொல்லிக் குடுக்கலாமா."

"ஏனுங்க, இதென்ன கதையா டிவியாங்கற மாதிரியா? இதுல ஒரு பக்கந்தானுங்க சயின்ஸு."

"ரெண்டு பக்கமும் கேட்டா என்ன போச்சு?"

"உங்க பட்டிமன்றத்துல தோத்த பக்கத்துக்காரரு புளியோதரை வாங்கிட்டு ஊட்டுக்குப் போவாரு. இங்க தோத்தவிய எங்க போவாங்க?"

அப்பா சிரித்தார். "நீ நடுவரா வந்திருந்தீன்னா என்ற பொழப்பு நாறிப்போயிருக்கும்."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். "அந்த லேபர் பேப்பரு அவரு மேசைலதான இருக்குது?" என்று கேட்டார்.

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உங்களுக்கு அந்தப் பேப்பரை விளக்கவேண்டியதில்லை. நம் எல்லோர் வீட்டிலும் அது ஒரு குடும்ப உறுப்பினர். அப்பாவின் விசாவுக்கு அது ஐந்தாம் வருடத்தின் கடைசி. மேனேஜர் கையெழுத்துப் போட்டுப் பேப்பர் நகர்ந்தால் கிரீன் கார்டு வரிசையில் நிற்கலாம். நகராவிட்டால் கட்டில் மெத்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். மேனேஜர் அந்தப் பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்று அப்பா இன்றுவரை சொல்கிறார். நான் நம்புகிறேன். சொல்லவேண்டிய அவசியமே அவருக்கு இருந்திருக்காது.

அந்த ஞாயிறு மேனேஜர் வீட்டுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். அம்மா வரவில்லை. சமையலறை மேடையைச் சுற்றி ஏழெட்டுப் பெற்றோர், லெமனேட், பிரவுனி. ஒரு பெண்மணி அலுத்துக்கொண்டார்: டீச்சர் அப்படிச் சொன்னார் இப்படிச் சொன்னார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், ஆனால் என்றைக்கு, எந்த வார்த்தையில் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்பாவின் முகம் மலர்ந்தது. இன்றும் என்னால் மறக்கமுடியாதது அந்த மலர்ச்சிதான். கணக்குப் போட்டோ பயந்தோ அவர் சொல்லவில்லை. பெருமையில் சொன்னார். "என் மகள் டீச்சர் சொல்வதை வார்த்தை விடாமல் தேதி போட்டு எழுதுவாள். எங்கள் ஊர்ப் பழக்கம். கண்ணு, காருல இருக்குதே உன்ற நோட்டு, எடுத்துட்டு வா."

நான் போய் எடுத்துவந்தேன். வாகான வெயில், புல் வெட்டும் மிஷின் சத்தம். என் சிநேகிதி மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். "வாவ்" என்றார்கள். ஒருவர் பிள்ளையார் சுழியைக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறதே, என்ன குறி என்றார். எந்தக் காரியத்தையும் தொடங்கும் முன் கடவுளை நினைத்துப் போடுவது என்று அப்பா விளக்கினார். "இந்தக் குழந்தைகூடக் கடவுளோடு தொடங்குகிறாள், பாருங்கள்" என்று அந்தப் பெண்மணி கண் கலங்கினார்.

கங்காரு பக்கம் வந்தது. மேனேஜர் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு அடைப்புக்குறியின் மேல் விரல் வைத்தார். "இது என்ன?"

அப்பா எட்டிப் பார்த்தார். "அதுவா? சிரிப்பு. லாஃப்டர். எங்கே சிரிக்கிறார்கள் என்று குறிப்பது. நான்தான் கற்றுக்கொடுத்தேன்."

மேனேஜர் என்னைப் பார்த்துக் குனிந்தார். குரல் அவ்வளவு மென்மை. "உண்மையாகவே சிரித்தார்களா, ஸ்வீட்டி?"

"யெஸ் சார்" என்றேன்.

வேறெதுவும் அவர் கேட்கவில்லை. யார் முதலில் சிரித்தது என்று கேட்டிருந்தால் மாடிப்படியைக் கை காட்டியிருப்பேன். அல்லது காட்டியிருக்கமாட்டேன். அவள் தன் காலணி நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் நகலெடுக்கும் மிஷின் ஓடத் தொடங்கியது. பச்சை ஒளி கதவிடுக்கில் வந்து வந்து போனது. "நோட் இங்கேயே இருக்கட்டும், பத்திரமாகத் தருகிறோம்" என்றார்கள். அப்பா "நோ ப்ராப்ளம்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் போர்டு கூட்டம். அன்று மதியத்திலிருந்தே வானம் பழைய தாமிரப் பாத்திரத்தின் உட்புறம் போலப் பச்சை பூத்திருந்தது. சூறாவளி எச்சரிக்கை வரி தொலைக்காட்சியின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கடைசி நிமிடத்தில் வருகிறேன் என்று கிளம்பினார்.

மண்டபத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி. மேடையில் நீள மேசை, ஏழு பேர், நடுவில் ஒருவர், அவர் முன்னால் மரச் சுத்தி. "பாத்தியா கண்ணு? நடுவால உக்காந்திருக்காரே, அவருதான் நடுவரு. ரெண்டு பக்கமும் கேட்டு முடிச்சுக் கடைசீல தீர்ப்புச் சொல்லுவாரு."

பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். மேசையில் சின்ன விளக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு. டீச்சர் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலி. அவருடைய அடுத்த வருட ஒப்பந்தம் அன்றைய பட்டியலில் கடைசி வரி என்பது எங்களுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அம்மா அச்சிட்ட பட்டியலைப் படித்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்தார். "ஏனுங்க, பேசாதீங்க. இது தலைப்பப் பத்தி இல்லீங்க. அந்தம்மாவப் பத்தி." அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்பா நன்றாகப் பேசினார். அதையும் மறைக்கக் கூடாது. மோர் கடைவதைச் சொன்னார். கயிற்றை இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால்தான் மத்து சுழலும், வெண்ணெய் திரளும். ஒரே பக்கம் இழுத்தால் கயிறுதான் கையோடு வரும். மத்தைக் கையால் சுழற்றிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. எழுந்து நின்றுகூடக் கைதட்டினார்கள். என் விரல் தானாக மடியில் பென்சில் தேடியது. அப்பா சிவந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

அடுத்து, மேனேஜர் வீட்டில் கண் கலங்கிய அந்தப் பெண்மணி. கையில் என் எழுத்து, நகலாக. தேதி, கிழமை, பீரியடு எல்லாம் படித்தார். ஒரு குழந்தை தன் விசுவாசத்தைப் பற்றிக் கேட்ட கேள்வியைப் படித்தார். பதிலைப் படித்தார். 'ஹனி' என்ற சொல்லை அவர் படித்த விதத்தில் அது வேறு சொல்லாக இருந்தது. ஒரு மூச்சு நிறுத்தி, "அடைப்புக்குறிக்குள், சிரிப்பு" என்றார். "இதை எழுதியது வேறு மதத்துக் குழந்தை. பொய் சொல்ல அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஒரு ஆசிரியை ஒரு சிறுமியைச் சிரிக்கவைத்து அவமானப்படுத்தினார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. கொண்டைப் பென்சில் மட்டும் லேசாக ஆடியது.

அப்பா எழுந்தார். "சார், ஒன் பாயின்ட்..." சுத்தி ஒரு தரம் விழுந்தது. ஒருவருக்கு ஒரு முறைதான். அப்பா நின்றுகொண்டே இருந்தார். நடுவர் இப்போது இரண்டு பக்கத்தையும் தொகுத்துப் பேசுவார் என்று காத்திருந்தார் போலும். நடுவில் இருந்தவர் அவரைப் பார்த்து "தேங்க் யூ" என்றார். எல்லோருக்கும் சொன்ன அதே தேங்க் யூ.

அம்மா என் காதருகே வந்தார். "நீ எந்திரிச்சுச் சொல்லு சாமி. எல்லாருந்தான் சிரிச்சமுன்னு சொல்லு. உன்ற நோட்டு, நீ சொன்னா கேப்பாங்க."

நான் இரண்டு வரிசை தள்ளிப் பார்த்தேன். என் சிநேகிதி அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். தலையை மிக லேசாக, இல்லை என்று ஆட்டினாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். வெளியே இடி. விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. வானிலை சரியில்லாததால் மீதியை மூடிய அறையில் பேசி முடிக்கிறோம் என்று சொல்லி எழுந்துபோனார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா சாமி அலமாரியிலிருந்த கல்லை எடுத்து, குங்குமத்தைத் துடைத்து, தரையில் வைத்தார். "இனி இது கல்லாவே இருக்கட்டும்" என்றார். பிறகு வீடு மாறியபோது அதுவும் எங்கோ போய்விட்டது.

டீச்சர் தாமாகவே விலகினார் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பாடத்துக்கு நேரம் போதவில்லை என்று மாற்று ஆசிரியர் பவளப்பாறை வீடியோ போட்டார்.

மே மாதத்து முதல் புதன்கிழமை டீச்சர் தன் அறையைக் காலி செய்ய வந்தார். மாதாமாதம் அன்று நண்பகலில் சூறாவளிச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள், உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த ஊளை ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது கார் நிறுத்துமிடத்தில் அட்டைப்பெட்டியோடு எதிரே வந்தார். ஊளை அடங்கும்வரை இருவரும் நின்றோம்.

என் பெயரைச் சரியாகச் சொன்னார். "உன் நோட்டைப் படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தேர்வுத் தாள் திருத்துகிறவரின் குரல். "மேலே சுருளாக ஒன்று போட்டிருக்கிறாயே, அது என்ன?"

"அப்படித்தான் நாங்கள் ஆரம்பிப்போம்" என்றேன்.

"நல்ல பழக்கம். விட்டுவிடாதே" என்று பெட்டியை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று சொல்லத் தெரிந்தால்தானே.

ஜூன் முதல் வாரத்தில் அப்பாவின் பேப்பரில் கையெழுத்து விழுந்தது. இரண்டுக்கும் தொடர்புண்டு என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அடுத்த பொங்கலுக்குச் சங்கத்திலிருந்து கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றார். அதன் பிறகு அவர் தொண்டை சரியாகவே இல்லை. என் நோட்டை அவரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சிநேகிதி மதிய உணவுக்கு வேறு மேஜைக்குப் போனாள். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் பன்னிரண்டு வயது, அவளுக்கும் ஒரு அப்பா.

உங்கள் மனு வந்த அன்று அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். காது மந்தமாகிவிட்டது, இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. அப்புறம், "நடுவர் இருப்பாருன்னு நெனச்சேன் கண்ணு" என்றார்.

என் தப்பு எனக்கு இந்த வயதில்தான் பிடிபட்டது. நம் மொழியில் வினைச்சொல்லை எழுதினால் ஆளும் கூடவே வந்துவிடும். சிரித்தாள், சிரித்தார், சிரித்தார்கள் என்று யார் சிரித்தது என்பதை வால் சொல்லிவிடும். ஒளிய இடமில்லை. நான் எழுதியது வாலில்லாத பெயர்ச்சொல். அதை யார் வாயில் வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்தார்கள். நாள், கிழமை, பீரியடு எல்லாம் சரியாக இருந்ததால் அந்த ஒன்றையும் எல்லோரும் நம்பினார்கள்.

தேதி வாரியாக எடுத்துத் தரச் சொன்னவரே, என் பதில் இது. என்னிடம் உள்ள எந்த நோட்டையும் தரமாட்டேன். உங்கள் பிள்ளைகளின் நோட்டுகளை நீங்களும் கொடுத்துவிடாதீர்கள். கட்டைவிரல் தூக்கிய மூவரும், அந்த மேசைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதே கறுப்பு வெள்ளை அட்டையில் நேற்று ஒரு நோட்டு வாங்கினேன். உச்சியில் சுழி போட்டேன். இடது ஓரத்தை வெறுமையாக விட்டேன். அந்தப் பக்கத்தை மறுபடி எழுதிவைத்திருக்கிறேன், மணிக்குப் பிறகு சொன்னதையும் சேர்த்து:

"அதைக் கங்காருவிடம்தான் கேட்கவேண்டும், ஹனி" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மணி அடித்தது. "நல்ல கேள்வி" என்றார்.